திருச்சி – யாழ்ப்பாணம்: வான்தூரமும் பறக்கும் நேரமும் கணக்கிட

திருச்சி விமான நிலையம் 10.765° வடக்கு, 78.71° கிழக்கு. யாழ்ப்பாணம் பலாலி 9.792°, 80.07°. அட்சரேகை வித்தியாசம் 0.973, 60-ஆல் பெருக்கினால் 58 கடல்மைல் (ஒரு பாகைக்கு 60 கடல்மைல்; ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர்). தீர்க்கரேகை வித்தியாசம் 1.36-ஐயும் 60-ஆல் பெருக்கி, மறக்காமல் 0.984-ஆலும் பெருக்குங்கள்: 80. (நிலநடுக்கோட்டை விட்டு விலக விலகத் தீர்க்கரேகைகள் நெருங்கும்; 10° அருகே கொசைன் மதிப்பு அது.) இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99 கடல்மைல், அதாவது சுமார் 183 கிலோமீட்டர்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில்தான். ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் என்று வகுத்து 22 நிமிடம் என்பார்கள். இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வேகத்தை எட்டிய கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏற்றம், இறக்கம் எல்லாவற்றுக்குமாக 25–30 நிமிடம் கூட்டுங்கள். 50 நிமிடம் போல வரும். இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே, கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.