கடலில் ஆபத்து நேரும்போது வானொலியில் அழைக்கும் முறை

கலங்கள் பேசிக்கொள்ளும் குறுந்தொலைவு வானொலியான கடல்சார் விஎச்எஃப் வானொலியில் உயிருக்கோ கலத்துக்கோ பேராபத்து நேர்ந்தால் ‘மேடே’ என்றும், அவசரம் இருந்தும் உயிராபத்து நெருங்காதபோது ‘பான்-பான்’ என்றும், வானிலை, வழித்தடம் பற்றிய எச்சரிக்கைக்கு ‘செக்யூரிட்டே’ என்றும் அழைக்க வேண்டும்.

டிஎஸ்சி (எண்முறையில் தானாக அழைப்பு அனுப்பும்) வசதியுள்ள கருவியில் சிவப்பு மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், 70ஆம் அலைவரிசையில் அபாய அறிவிப்பு தானாகவே சென்றுவிடும். அடுத்து 16ஆம் அலைவரிசைக்கு (156.8 மெகாஹெர்ட்ஸ்) மாறி, முழுத் திறனில், ‘மேடே’ என்பதை மூன்று முறையும் கலத்தின் பெயரை மூன்று முறையும் சொல்லுங்கள், பின்னர் இரண்டையும் ஒருமுறை சொல்லி, இருப்பிடம், நேர்ந்த ஆபத்து, வேண்டிய உதவி, கலத்திலுள்ளோர் எண்ணிக்கை என்ற வரிசையில் நிதானமாகத் தெரிவித்து, ‘ஓவர்’ என்று முடியுங்கள். இருப்பிடத்தை முதலில் சொல்வதை நான் மிக வலியுறுத்துவேன். பாதியில் மின்கலம் செயலிழந்தாலும், எங்கே வரவேண்டும் என்பதாவது மீட்போருக்குத் தெரிந்திருக்கும்.

பேசி முடித்ததும் ஒலிவாங்கியின் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். பதற்றத்தில் அதை அழுத்தியபடியே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது, பிறருக்கும் அலைவரிசை அடைபட்டுவிடும்.

பிறருடைய ‘மேடே’ அழைப்பைக் கேட்டால், குறுக்கே பேசாமல் விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். கரை நிலையம் பதிலளிக்காவிட்டால் ‘மேடே ரிலே’ என்று அறிவித்து அச்செய்தியை நீங்களே கடத்துங்கள்.