சுருட்டு ஒருபக்கமாக எரியாதிருக்க

சுருட்டு ஒருபக்கமாக எரிவதற்குப் பெரும்பாலும் காரணம், இலையின் ஈரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லாமையே. காய்ந்த பக்கம் முந்தி எரிய, ஈரித்த பக்கம் பின்தங்கிவிடுகிறது. வன்னியில் சோளகம் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேலிலை மொறுமொறுத்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியிலோ சுருட்டு ஊதிப் பருத்து, இழுக்க இழுக்க அணைந்துபோகும்.

ஆகவே, இறுக மூடும் பெட்டியொன்றில் ஈரப்பதம் 65 முதல் 70 வீதம் வரை நிற்குமாறு சுருட்டைப் பேணுங்கள். கோடையில், காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டைச் சிறு கிண்ணத்தில் இட்டு, சுருட்டில் படாதவாறு பெட்டிக்குள் வைக்கலாம். மாரியில் அது வேண்டியதில்லை. வெப்பம் 25 பாகை செல்சியசைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிக்கக்கூடும். மேலிலையில் ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரிந்தால் அந்தச் சுருட்டை உடனே மற்றவற்றிலிருந்து வேறாக எடுத்துவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழுள்ள அலுமாரி இதற்கு ஒருபோதும் ஏற்றதன்று. ஓலை வேய்ந்த அறையின் நிலத்தோரமே நல்ல இடம்.

பற்றவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். குப்பி விளக்கின் மண்ணெண்ணெய் வாடை இலையில் ஏறிவிடும் என்பதால் நெருப்புக்குச்சியே சிறந்தது. குச்சியின் மருந்து முழுவதும் எரிந்த பின்னர், சுவாலை சுருட்டின் நுனியில் முட்டாதபடி சற்றுக் கீழே பிடித்து, விளிம்பு சுற்றிவரக் கருகும்வரை சுருட்டைச் சுழற்றுங்கள். அதன் பிறகே வாயில் வைத்து மெல்ல இழுக்க வேண்டும். நுனியில் இலேசாக ஊதினால் தணல் மங்கிய இடம் தெரியும். அங்கே மட்டும் மீண்டும் சுவாலையைக் காட்டினால் போதும். வெளியில் புகைப்பவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி இருப்பது நல்லது. பக்கக்காற்று ஒருபுறத் தணலை மட்டும் மூட்டிவிடும்.