முன்சக்கரத்தைப் பாதுகாப்பாகத் தூக்கி நிறுத்துதல்

கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல் முற்றங்கள் உண்டு என்பதால், சென்டர் ஸ்டாண்டின் கீழ் தடித்த பலகையை இட்ட பிறகே மோட்டார் சைக்கிளை நிறுத்த வேண்டும். சமமான சிமெண்டுத் தரை கிடைத்தால் அதுவே சிறந்தது. ஸ்டாண்ட் மடங்காதபடி அதைக் கயிற்றால் முன் சட்டத்தோடு இறுகக் கட்டுங்கள். முன் அச்சின் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள்; தூக்கிய பின் பலங்கொண்டு திருகினால் வண்டி சாயக்கூடும்.

ஜாக்கியை எஞ்சினுக்குக் கீழே ஓடும் சட்டக் குழாய்களில், இடையே மரக்கட்டை வைத்துப் பொருத்த வேண்டுமேயன்றி, சைலன்சர் குழாயிலோ ஆயில் வடிக்கும் போல்ட்டிலோ பாரம் விழவே கூடாது. அடிச்சட்டம் இல்லாத வண்டிகளுக்குக் கையேடு காட்டும் இடத்தையே பின்பற்றுங்கள். சக்கரம் உருவி எடுக்கும் அளவுக்கு எழுந்தால் போதும்.

டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரத்தைக் கழற்றிய பின் பிரேக் பிடியை அழுத்தாதீர்கள். பிரேக் பட்டைகளை அழுத்தும் பிஸ்டன்கள் வெளியே தள்ளப்பட்டுவிடும்.