நாய்க்கும் பூனைக்கும் தெள்ளுப்பூச்சி மருந்து: வடசென்னையில் ஏன் மாதம் தவறக் கூடாது

நாயோ பூனையோ விடாமல் சொறியத் தொடங்கிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் தெள்ளுப்பூச்சியைப் பற்றிய பேச்சே எழுகிறது. உடனே ஒரு முறை மருந்து போடுவார்கள், ஒரு முறை குளிப்பாட்டுவார்கள், பத்து நாள் நிம்மதியாக இருக்கும். அதற்குப் பிறகு பழையபடி சொறி ஆரம்பித்துவிடும். மருந்து போலி என்றும் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றும் முடிவு கட்டுபவர்கள் உண்டு. பல வேளைகளில் குறை மருந்தில் இல்லை. தெள்ளுப்பூச்சி பரவிவிட்ட ஒரு வீட்டில், பிராணியின் உடம்பில் ஓடுகிற வளர்ந்த பூச்சிகள் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் இருக்கும். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலும் விரிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கின்றன. நாம் நாய்க்குப் போடும் மருந்து அந்த ஐந்தைத்தான் அன்றைக்குக் கொல்கிறது.

மிச்சம் தொண்ணூற்றைந்தை என்ன செய்வது என்பதற்கு, அந்தப் பூச்சி எப்படி வாழ்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாய், பூனை இரண்டிலும் உலகெங்கும் அதிகமாகக் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற இனம்; அதன் நெருங்கிய உறவான இன்னோர் இனமும் இந்திய நாய்களிடம் பரவலாக உண்டு. பெண் பூச்சி முதல் முறை இரத்தம் குடித்த ஓரிரு நாட்களிலேயே முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் வழவழப்பானவை என்பதால் முடியில் ஒட்டாமல், பிராணி படுக்கிற, உடம்பை உதறுகிற இடங்களிலெல்லாம் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வெளிவரும் புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்குகளுக்குள் நுழைந்து, தாய்ப்பூச்சியின் எச்சமாக உதிரும் காய்ந்த இரத்தத்தையே தின்று வளர்கின்றன. ஏறக்குறைய 27 டிகிரி வெப்பமும் எழுபத்தைந்து, எண்பது சதவீத ஈரப்பதமும் அவற்றுக்கு மிகவும் ஏற்றவை. காற்றில் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழுக்கள் காய்ந்து செத்துவிடும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழும் நமக்கு அந்த வறட்சி நீடித்து வாய்ப்பது அரிது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் வீட்டுக்கு வெளியே இருக்கும் பூச்சிகளாவது குறையும். இங்கே மார்கழி இரவுகூடப் பூச்சிக்கு ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை. அக்கினி நட்சத்திர வெயில் மொட்டை மாடியில் கிடக்கும் புழுவைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் புழுவை அது எட்டிப் பார்ப்பதில்லை.

இவற்றில் மிகவும் தொல்லை தருவது கூட்டுப்புழு நிலை. புழு தன்னைச் சுற்றிப் பட்டிழைபோல ஒரு கூடு கட்டிக்கொள்ளும். அதன் பசையில் மணலும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, பூச்சிமருந்தும் எளிதில் உள்ளே இறங்காது. பக்குவமான பூச்சி, தோதான நேரம் வரும்வரை அந்தக் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. நடமாட்டத்தின் அதிர்வு, உடம்பின் சூடு, மூச்சுக்காற்று ஆகியவை பட்ட மாத்திரத்தில் வெளியே குதிக்கும். மருந்து போட்டு மூன்று வாரம் கழித்தும் புதிய பூச்சிகள் தென்படுவதற்கு இதுதான் காரணம். மருந்துக்கு முன்பே கூட்டுக்குள் போய்விட்டவை இப்போது ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. வந்தவை மருந்து போட்ட உடம்பில் ஏறிச் சாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மருந்தை நிறுத்தினால் அவை மறுபடியும் முட்டையிடத் தொடங்கிவிடும், முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

"எங்கள் பூனை வாசலைத் தாண்டுவதில்லை, அதற்கு எதற்கு மருந்து?" என்று கேட்பவர்கள் வடசென்னை வீடுகளின் அமைப்பை ஒரு முறை நினைத்துப் பார்க்கலாம். பழைய வண்ணாரப்பேட்டையின் ஒட்டுக்குடித்தனங்களில் முற்றமும் மாடிப்படியும் எல்லோருக்கும் பொது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிக் குடியிருப்புகளில் படிக்கட்டின் அடியிலும் மோட்டார் அறை ஓரத்திலும் யாராவது ஒரு தெருநாய் குட்டி போட்டிருக்கும். காசிமேட்டைச் சுற்றிய தெருக்களில் மீன் வாடைக்கு வரும் பூனைகளுக்குக் கணக்கே கிடையாது. வளர்ந்த தெள்ளுப்பூச்சி ஒரு பிராணியின் மேல் ஏறிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். எனவே உங்கள் நாய் தெருநாயோடு உரசாமல் பார்த்துக்கொள்வது மட்டும் போதாது. நேற்று வேறொரு பூனை படுத்திருந்த மூலை, சில வாரங்களில் பூச்சி வெளிவரப்போகிற மூலை. உங்கள் வீட்டுப் பூனை வெளியே போகாவிட்டாலும், அந்த மூலையிலிருந்து நம் வீட்டுக் கால்மிதிக்கு ஐந்தாறு அடிதான் இருக்கும்.

முதலில், இருப்பது தெள்ளுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் நாய்களிடம் உண்ணியும் ஏராளம் என்பதால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறோம். உண்ணி எட்டுக்கால் உயிர். காது மடலிலும் விரல் இடுக்கிலும் கடித்துப் பிடித்தபடி உப்பிக்கிடக்கும், சுவர் ஏறும். தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் தட்டையான பழுப்பு நிற உடல். பிடிக்கப் போனால் குதித்து மறையும். பல நேரம் பூச்சியே கண்ணில் படாது, எச்சம்தான் படும். பல் நெருக்கமான தெள்ளுச் சீப்பால் வால் தொடங்கும் இடத்தையும் தொடையின் பின்புறத்தையும் வாரி, வருவதைப் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றின் மேல் தட்டுங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புத் துகள்கள் விழும். அவற்றின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுத்தால், வெறும் மண்ணாக இருந்தால் கருப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் துருச்சிவப்பாக ஒரு வளையம் கசியும். அது உங்கள் நாயின் இரத்தம். சீப்பில் சிக்கிய பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். விரலில் நசுக்குவது எளிதல்ல.

இதைச் சொறிச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில நாய்களுக்கும் பூனைகளுக்கும் தெள்ளின் உமிழ்நீரே ஒவ்வாது. சில கடிகள் போதும், முதுகின் பின்பாதி முடி கொட்டிப் புண்ணாகிவிடும். இரண்டு மாதத்துக்கும் குறைவான குட்டிகளிடம் பூச்சி அதிகமாகிவிட்டால் இரத்தசோகையே உயிரைப் பறிக்கலாம். ஈறு வெளுத்திருக்கும் குட்டியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. தெள்ளுப்புழு தான் தின்பவற்றோடு நாடாப்புழுவின் முட்டையையும் விழுங்கிவிடுகிறது. பூச்சியான பின் நாயோ பூனையோ உடம்பை நக்கும்போது அதை விழுங்க, குடலில் நாடாப்புழு வளரும். மலத்திலோ ஆசனவாயைச் சுற்றிலோ அரிசிமணிபோல வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது இதன் துண்டுதான். பூச்சியைத் தவறி விழுங்கிவிடும் குழந்தைக்கும் இது வரும். குடற்புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவைத்தால், புழு திரும்பவும் வந்துகொண்டே இருக்கும். பூனையின் நகத்தில் படியும் தெள்ளு எச்சத்தின் வழியாகப் பரவும் பூனைக்கீறல் நோயும், தெள்ளு வழியே மனிதருக்கு வரும் ஒருவகை டைஃபஸ் காய்ச்சலும் மருத்துவ உலகம் நன்கறிந்தவை. வீட்டில் யாருக்காவது கணுக்காலைச் சுற்றி வரிசையாகத் தடிப்பு இருந்து காய்ச்சலும் வந்தால், வீட்டில் பிராணி வளர்ப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை, முதல் முறையாவது கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடை பார்த்து வாங்குவதே நல்லது. வடசென்னைக்காரர்களுக்கு 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. பிப்ரோனில், இமிடாகுளோபிரிட் போன்றவை கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளாகக் கிடைக்கின்றன; அஃபாக்ஸோலானர் மாதம் ஒரு முறையும் ஃப்ளூரலானர் 12 வாரங்களுக்கு ஒரு முறையும் நாய்க்குக் கொடுக்கும் மாத்திரைகள். எல்லா மருந்தும் எல்லாவற்றையும் கொல்லும் என்று எண்ண வேண்டாம். பிப்ரோனிலும் இந்த இரண்டு மாத்திரைகளும் உண்ணி, தெள்ளு இரண்டுக்கும் வேலை செய்யும். இமிடாகுளோபிரிட் தனியாக உண்ணியைக் கொல்லாது. உண்ணிக்கென்று கொடுக்கும் அமிட்ராஸை நம்பித் தெள்ளை விட்டுவிடக் கூடாது. வலிப்பு வந்த வரலாறுள்ள நாய்க்கு அந்த மாத்திரைகளைக் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முயலுக்குப் பிப்ரோனிலைப் போடவே கூடாது.

சொட்டு மருந்தை முடியின் மேல் ஊற்றிவிட்டுப் போட்டாயிற்று என்று எழுந்துவிடுகிறார்கள். தோளெலும்புகளுக்கு நடுவே, நாக்கு எட்டாத இடத்தில், முடியை இரண்டாக வகிர்ந்து, வெள்ளைத் தோல் தெரிந்த பிறகு குழாயின் முனையைத் தோலிலேயே வைத்து அழுத்த வேண்டும். பிப்ரோனில் தோலின் எண்ணெய்ப்பசையோடு கலந்துதான் உடம்பு முழுவதும் பரவுகிறது. அந்த எண்ணெயை ஷாம்பு கழுவிவிடும் என்பதால், மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. காயும்வரை குழந்தைகள் அந்த இடத்தைத் தொடாமலும், இரண்டு பிராணிகள் இருந்தால் ஒன்றையொன்று நக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் அந்த ஒன்றே முட்டையிடும் இடமாகிவிடும். மாத மருந்தின் தேதியை வீட்டு வாடகை கொடுக்கும் தேதியோடு சேர்த்துவிட்டால் மறக்காது. 12 வாரம் என்பது 84 நாள், மூன்று முழு மாதம் அல்ல என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். விலை கட்டவில்லை என்று விட்டுவிட்டுப் போடுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விலையுயர்ந்த மருந்தை ஆண்டுக்கு இரண்டு முறை போடுவதைவிட, மருத்துவர் ஒப்புக்கொள்ளும் மலிவான மருந்தை மாதம் தவறாமல் போடுவது எவ்வளவோ மேல். பூச்சி ஏற்கெனவே பரவியிருந்தால் குறைந்தது மூன்று மாதம் இடைவெளியே விடக் கூடாது. அதற்குப் பிறகும், நம் தட்பவெப்பத்தில் நிறுத்துவதற்கு ஏற்ற மாதம் என்று ஒன்று கிடையாது.

போடக் கூடாதவற்றை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம்; நாய்க்குப் போட்டதும் பூனை அதன்மேல் உரசிப் படுத்தாலே ஆபத்துதான். மாட்டு உண்ணிக்கு விற்கும் டெல்டாமெத்ரினை அளக்காமல் கண்ணளவாகத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதே வீட்டில் பூனை இருந்தால் அது அதற்கு நஞ்சு. மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். ஃபினாயில், அந்துருண்டை, கற்பூரம் ஆகியவற்றைப் பூனை நக்கித் தின்றுவிடும் இடத்தில் வைப்பது, தெள்ளை விரட்டப் போய்ப் பூனையை இழப்பதில் முடியும். வேப்பெண்ணெயை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்குப் பூச்சி குறைந்ததுபோல் தோன்றலாம், முட்டையிடுவது நிற்காது.

இனி வீடு. பிராணி படுக்கும் பழைய புடவை, போர்வை, கால்மிதி ஆகியவற்றை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கோணிப்பையை வைத்திருந்தால் தூக்கி எறிந்துவிடுவதே லாபம். வாக்குவம் கிளீனர் இருந்தால் சோபா மடிப்பு, மெத்தை ஓரம், அலமாரி அடி வரை இழுங்கள். அதன் அதிர்வே கூட்டுக்குள் இருப்பவற்றை வெளியே வரச்செய்யும். இல்லாவிட்டால் கட்டிலை நகர்த்தித் துடைப்பத்தால் பெருக்கி, அந்தக் குப்பையை மூலையில் சேர்த்து வைக்காமல் உறையில் கட்டி அன்றே வெளியேற்ற வேண்டும். மிகவும் பரவிவிட்டால், புழு பூச்சியாக வளர்வதைத் தடுக்கும் மெத்தோபிரீன், பைரிபிராக்ஸிஃபென் கலந்த தெளிப்பானைப் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கொண்டு அடிக்கச் சொல்லலாம். கொளத்தூரிலிருந்து வண்ணமீன் வாங்கித் தொட்டி வைத்திருப்பவர்கள், தெளிக்கும் முன் காற்றுக்குழாயை நிறுத்தித் தொட்டியை நன்றாக மூடிவிட வேண்டும். இத்தகைய தெளிப்பான்களில் சேர்க்கும் பூச்சிக்கொல்லிகள் பல மீனுக்குக் கொடிய நஞ்சு.

படிக்கட்டுப் பூனைகளை விரட்டுவதால் பயனில்லை. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். சோறு வைப்பதை ஒரே இடத்தில் வைத்து, அந்த இடத்தைத் தினமும் பெருக்கி, கைக்குப் பழகிய பூனைகளுக்கு மருத்துவர் சொன்ன அளவில் சொட்டு மருந்தும் போடலாம். மேல்வீட்டு அக்காவும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து செலவைப் பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது.

வீடு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு குடியிருந்தவர் நாய் வளர்த்து, பிறகு சில மாதம் பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் கூட்டுக்குள் காத்திருந்தவை அனைத்தும் ஒரே நாளில் வெளிவரலாம். பால் காய்ச்சப் போகும்போதே வெள்ளைச் சாக்ஸை முழங்கால்வரை இழுத்துப் போட்டு எல்லா அறைகளிலும் பத்து நிமிடம் நடந்து பாருங்கள்; கருப்புப் புள்ளிகள் ஏறினால், சாமான் இறக்கும் முன் தரை முழுவதையும் பெருக்கித் துடைத்து, தேவைப்பட்டால் தெளிப்பும் அடித்துவிட்டு, நாய்க்கு மருந்து போட்டு இரண்டு நாளான பிறகே அதை அழைத்து வாருங்கள்.