ஒரு ஏரி, ஒரு நோட்டு, நாலு மீட்டர் கயிறு

ஊர் ஏரியில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விலை விசாரிப்பது பைனாகுலரைத்தான். அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். வேடந்தாங்கலுக்கு வருடத்தில் ஒருநாள் போவதைவிட, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஏரிக்கு வாராவாரம் போவது மேல்.

1. உட்காருங்கள்
காலை ஆறு, ஆறரைக்குள் கரைக்குப் போய், பதினைந்து நிமிடம் ஒரே இடத்தில் இருங்கள். எதிரே வெறும் சேறு என்றுதான் தோன்றும். திடீரென்று அந்தச் சேற்றிலிருந்தே ஒரு வெள்ளைப் பறவை எழும்பும். அதுதான் மடையான். உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாக இருக்கும். சிறகை விரித்தால்தான் வெள்ளை தெரியும்.

2. பெயருக்கு முன் அடையாளம்
முதல் மாதம் முழுக்க 'வெள்ளைக் கொக்கு 30', 'வெள்ளைக் கொக்கு 40' என்றே எழுதிவைத்தேன். அத்தனை பக்கமும் வீண். குட்டையான மஞ்சள் அலகோடு மாட்டின் காலடியில் பூச்சி பிடித்தால் அது உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. அதனால் அலகு, கால், என்ன செய்துகொண்டிருந்தது, எத்தனை, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். பெயரை வீட்டுக்கு வந்து தேடலாம்.

3. செடிகளுக்குக் கயிறு
நாலு குச்சி நட்டு, பக்கத்துக்கு ஒரு மீட்டராகச் சதுரம் கட்டுங்கள். தண்ணீரோரம் ஒன்று, கரைமேல் ஒன்று. உள்ளே எத்தனை வகை, எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று குறியுங்கள். கீழே கோரையும் நீர்முள்ளியும், மேலே அறுகும் சீமைக்கருவேலங்கன்றும் இருக்கலாம். பறிக்க வேண்டாம்; இலையின் இரு பக்கமும் பூவும் தெரியப் படமெடுத்தால் போதும். பொடுதலையை எனக்குக் காட்டியது ஆடு மேய்க்க வந்த ஒரு பாட்டி. படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் செயலி அதற்கு மூன்று பெயர் சொல்லிக் குழப்பியிருந்தது.

புதருக்குள் கை விடாதீர்கள், பாம்பு இருக்கும். கூட்டின் அருகே போகவே வேண்டாம்.

4. பதிவேற்றுங்கள்
பார்த்ததைப் பதிந்துவைக்க இணையதளமும் செயலியும் இருக்கின்றன: பறவைகளுக்கு இபேர்ட் (eBird), மற்றவற்றுக்கு ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist). ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். அதற்குக் குறைந்தது 15 நிமிடம் எண்ணி இபேர்டில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்து பழகியவருக்கு இது ஒரு வேலையே இல்லை.

சதுரம் கட்டிய இடத்தை, பக்கத்துப் பனைமரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் அதே இடத்தில்தான் மறுபடி கயிறு கட்ட வேண்டும்.