வாளியின் அடியில் தக்காளி: தலைகீழாகத் தொங்கவிட்டு வளர்க்கும் முறை

செடியைத் தலைகீழாக வளர்க்கப் போகிறேன் என்று சொன்னால், "அதுக்குத் தலை சுத்தாதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். சுற்றாது. ஆனால் பிடிவாதம் பிடிக்கும். நீங்கள் கீழே தொங்கவிட்டாலும் அது மேலேதான் போகப் பார்க்கும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தண்டிலும் வேர் நுனியிலும் சில செல்களுக்குள் மாவுச்சத்துத் துகள்கள் இருக்கின்றன. மணல் மாதிரி அவை கீழ்ப்பக்கம் போய்ப் படியும். எது கீழ், எது மேல் என்று செடி தெரிந்துகொள்வது அப்படித்தான். தண்டைப் படுக்கப் போட்டால் அதன் கீழ்ப்பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீளும், நுனி மேலே வளையும். 1806இலேயே தாமஸ் நைட் என்பவர் முளைக்கும் விதைகளைச் சுழலும் சக்கரத்தில் பொருத்தி இதைச் சோதித்தார். வேர்கள் சக்கரத்துக்கு வெளியே நீண்டன, தண்டுகள் நடுவை நோக்கி வளர்ந்தன. சுழற்சி தள்ளிய பக்கம்தான் அந்த விதைகளுக்குக் 'கீழ்'.

ஆகவே உங்கள் தக்காளியும் தொங்கவிட்ட சில நாளில் தூண்டில் முள் மாதிரி வளைந்து மேலே எட்டிப் பார்க்கும். பயப்பட வேண்டாம். காய் பிடித்ததும் பாரம் தாங்காமல் தானாகவே தொங்கிவிடும்.

எந்தச் செடி?

முதல் தடவை என்றால் செர்ரி தக்காளி. காய் சிறிது, கொத்தும் லேசு. பெரிய ரகம் போட்டால் காயின் கனத்தில் கிளை கிழிந்துவிடலாம். வெள்ளரி நன்றாக வரும், கொடிதானே. மிளகாயும் வளரும், ஆனால் அதன் தண்டு விறைப்பானது. வளைவதைவிட சட்டென்று முறிந்துவிடும்.

இப்படி வளர்த்தால் காய்ப்பு இரண்டு மடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேராக நிற்கும் செடியைவிடக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கலாம். தரையில் இடம் மிச்சம், குச்சி நட்டுக் கட்டும் வேலை இல்லை, மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாது. லாபம் இவ்வளவுதான். இடமே இல்லாதவர்களுக்கு இதுவே பெரிய விஷயம்.

வாளியும் ஓட்டையும்

மூடியும் கம்பிப் பிடியும் உள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று வேண்டும். உணவுப் பொருள் வந்த வாளியாக இருந்தால் நல்லது. பெயின்ட் வாளி வேண்டாம், சாப்பிடப்போகும் காய் இது. கறுப்பு நிறத்தையும் தவிர்த்துவிடுங்கள். வெயிலில் சூடேறி வேரை வேகவைத்துவிடும். வெளிர் நிறமாக இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. ஊடுருவினால் உள்ளே பாசி பிடிக்கும்.

வாளியின் அடியில், நட்ட நடுவில், 5 செ.மீ. விட்டத்துக்கு ஓட்டை போடுங்கள். டிரில்லில் வட்டமாக வெட்டும் பிட் மாட்டினால் ஒரு நிமிட வேலை. ஓட்டையின் விளிம்பை உப்புத்தாள் கொண்டு நன்றாகத் தேயுங்கள். சோம்பல்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. மேலே வளையப் பார்க்கும் தண்டு உரசுவது இந்த விளிம்பில்தான். பிசிறு இருந்தால் தண்டை அறுத்துவிடும். மூடியிலும் ஏழெட்டுச் சிறு துளைகள் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மண் கலவை

தோட்டத்து மண் வேண்டாம். கனம் அதிகம், நனைந்தால் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு பங்கு, பெர்லைட் (கலவையை லேசாக்கும் வெள்ளைக் கல் துகள்) ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கலாம், இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். சுண்ணாம்புச் சத்துக்காக முட்டை ஓட்டுத் தூள் போடலாமா? போடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது கரைந்து செடிக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ப்பே முடிந்துவிடும்.

நடவு: முதலில் நிமிர்ந்து, பிறகு தலைகீழ்

பலரும் நாற்றை நட்ட அன்றே தொங்கவிட்டுவிடுகிறார்கள். வேர் பிடிக்காத நாற்று, முதல் தண்ணீருக்கே மண்ணோடு நழுவி விழுகிறது. அதைவிட இந்த வழி நல்லது.

அடி ஓட்டையை டேப்பால் மூடி, வாளியை ஈரக் கலவையால் நிரப்புங்கள். லேசாகத் தட்டி, விளிம்பிலிருந்து இரண்டு விரல் இடம் விட்டால் போதும். மூடியை அழுத்தி மூடி, வாளியைக் கவிழ்த்து இரண்டு செங்கல் மேல் வையுங்கள். இப்போது ஓட்டை மேலே வந்துவிடும். டேப்பைப் பிரித்து, விரலால் குழி பறியுங்கள்.

15 முதல் 20 செ.மீ. உயர நாற்று சரியாக இருக்கும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, நுனியும் இரண்டு மூன்று இலைகளும் மட்டும் வெளியே தெரியும்படி ஆழமாக இறக்குங்கள். தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடத்திலெல்லாம் வேர் விடும், அந்த வேர்கள்தான் பிற்பாடு செடியைத் தாங்கப்போகின்றன.

உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சை வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் போடுங்கள். அதைத் தண்டைச் சுற்றி மாட்டி, மடித்து ஓட்டைக்குள் தள்ளினால் உள்ளே போய் விரிந்துகொள்ளும். மண் கொட்டாது, தண்டும் விளிம்பில் நேரடியாக உரசாது. கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கிவிடாதீர்கள், தண்டு பருக்க வேண்டும்.

இப்படியே இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால், மிச்சம் மூடித் துளைகள் வழியாக வடிந்துவிடும்.

திருப்பும் நாள்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். காலையில் தண்ணீர் ஊற்றாமல், வெயில் சாய்ந்த பிறகு செய்யுங்கள். தண்ணீர் குடித்து விறைப்பாக நிற்கும் தண்டு எளிதில் முறியும், சற்றுத் துவண்டிருப்பது வளைந்து கொடுக்கும். ஒருவர் வாளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் செடியை இரண்டு கைக்குள் ஏந்திக்கொள்ள வேண்டும். கொக்கியில் மாட்டியதும் மூடியைத் திறந்து மண்ணைப் பாருங்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் கொஞ்சம் கலவை போட்டு நிரவிவிட்டு, மூடியை மேலே சும்மா வைத்துவிடுங்கள். ஈரம் சீக்கிரம் காயாது.

கொக்கி விஷயத்தில் நான் ஒரு தடவை ஏமாந்தேன். வாளியைக் காய்ந்த நிலையில் தூக்கிப் பார்த்து, "லேசாத்தானே இருக்கு" என்று ஒரு சாதாரணக் கொக்கியில் மாட்டினேன். அன்று மாலை தாராளமாகத் தண்ணீர் ஊற்றினேன். ராத்திரியே கொக்கி, வாளி, செடி எல்லாம் தரையில். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்ததற்குக் கிடைத்த பலன். முழுக்க நனைந்த 20 லிட்டர் வாளி 15 கிலோவைத் தாண்டிவிடும், காய் பிடித்தால் இன்னும் கூடும். 40 கிலோவாவது தாங்கும் கொக்கியாகப் பார்த்து, கான்கிரீட் கூரையிலோ கெட்டியான உத்தரத்திலோ போடுங்கள். நைலான் கயிறு வெயிலில் நைந்துபோகும், சங்கிலி போடுங்கள். வாளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். யாரும் அதன் கீழே உட்காரும்படி மாட்டாதீர்கள்.

வெயில், தண்ணீர்

ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உச்சி வெயிலில் வாளியே செடிக்குக் குடை பிடிக்கும். அதனால் காலையிலும் மாலையிலும் சாய்வாக வெயில் விழும் இடமாகப் பாருங்கள். வாரம் ஒரு தடவை வாளியைக் கால் சுற்று திருப்பிவிட்டால் செடி ஒரே பக்கம் சாயாது.

தொங்கும் வாளி நாலாபக்கமும் காற்றுப் பட்டு வேகமாகக் காயும். காலையில் மெதுவாக, கீழே சொட்ட ஆரம்பிக்கும்வரை ஊற்றுங்கள். கோடையில் மாலையிலும் வேண்டியிருக்கும். ஊற்றியது உடனே கீழே கொட்டினால் போதுமான தண்ணீர் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நார்க்கழிவு வறண்டுபோனால் ஈரத்தை வாங்காமல், தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். அப்போது பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். என் அளவுகோல் கைதான்: வாளியின் அடியில் உள்ளங்கையை வைத்து ஒரு அங்குலம் தூக்கிப் பார்ப்பேன். நாலைந்து நாளில் எது தாகம், எது திருப்தி என்று கைக்குப் பழகிவிடும்.

முதல் பூ வந்ததும், சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதிகமுள்ள திரவ உரத்தை, பாட்டிலில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊற்றுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலை செழிக்கும், காய் வராது.

வளைகிறதே, கட்டிவிடலாமா?

வேண்டாம். கல்லைக் கட்டி இழுப்பது, கயிறு போட்டுக் கீழே வளைப்பது எதுவும் செய்யாதீர்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் வாளியைச் சுவர் ஓரம் நகர்த்தினால் போதும். இலைக் கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளில் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

தக்காளிப் பூ தன்னிலேயே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். காற்றில் ஆடும் செடிக்கு உதவியே தேவைப்படாது. ஆடாத இடம் என்றால் காலை பத்து மணி வாக்கில் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். அதற்கு நாம் செய்யக்கூடியது அதிகமில்லை, வெயில் தணியக் காத்திருக்க வேண்டியதுதான்.

காயின் அடியில், பூ இருந்த இடத்தில், தோல் மாதிரி கறுப்புத் திட்டு வந்தால் அது பூச்சியோ பூஞ்சையோ இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் அது இல்லாததால் அல்ல, ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றுவதால் வருவது. அந்தக் காய்களைப் பறித்துப் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சீராக்குங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

காய்ப்பு முடிந்ததும் தண்டை ஓட்டைக்கு அருகில் வெட்டிவிட்டு, வாளியை இறக்கிக் கவிழ்த்தால் கலவை வாளி வடிவிலேயே வேரோடு வந்து விழும். அதை உதிர்த்துக் கீரைக்கோ பூச்செடிக்கோ போடலாம். மறுபடி தக்காளிக்கு மட்டும் வேண்டாம், பழைய நோய் ஒட்டிக்கொள்ளும். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, அடுத்த நடவுக்கு முன்னால் ஓட்டையின் விளிம்பை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.