சிபிகே குறைந்தால் உடனே மெஷினைக் குறை சொல்லாதீர்கள்

மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் லேத் ஜாப் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். சிபி (Cp) என்பது டாலரன்ஸ் அகலத்துக்குள் பீஸ்களின் சிதறல் எவ்வளவு தாராளமாக அடங்குகிறது என்று காட்டும் எண்; சிபிகே (Cpk) சராசரி நடுவிலிருந்து விலகியிருப்பதையும் சேர்த்துக் காட்டும். ஒரு பின்னின் (pin) விட்டம் 20.00 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட விலகல்) கூட்டல் கழித்தல் 0.05 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வந்த 5 பீஸ். இப்படி 25 செட். ஒவ்வொரு செட்டிலும் பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழித்து, 25க்கும் சராசரி போட்டு, 2.326ஆல் (5 பீஸ் செட்டுக்கான மாறிலி) வகுத்தால் சிக்மா, அதாவது சிதறலின் அளவு.

மொத்த டாலரன்ஸ் 0.10ஐ ஆறு சிக்மாவால் வகுத்தால் சிபி; சராசரியிலிருந்து அருகிலுள்ள எல்லைவரை உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுத்தால் சிபிகே. சராசரி 20.02, சிக்மா 0.012 என்றால் சிபி 1.39, சிபிகே வெறும் 0.83. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, சென்டர்தான் விலகியிருக்கிறது. ஆஃப்செட்டில் (மெஷினில் டூலின் இடத்தைத் திருத்தும் அமைப்பு) விட்டத்தை 0.02 குறைத்தாலே சிபிகே 1.39க்கு வந்துவிடும், வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்பது 1.33. சிபியே குறைவு என்றால்தான் காலட் (பாரைப் பிடிக்கும் பிடிப்பான்) தேய்மானம், இன்சர்ட் (வெட்டும் முனை), பார் வெளியே நீளும் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பீஸுக்குப் பீஸ் ஆஃப்செட்டைத் திருகுவது சிதறலை இன்னும் கூட்டும்.

0.02 வெர்னியர் இதற்கு ஆகாது, 0.001 காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் சூட்டோடு அளக்கவும் கூடாது: 20 மி.மீ. ஸ்டீல் 20 டிகிரி கூடினால் ஏறக்குறைய 0.005 விரியும். பீஸையும் மைக்ரோமீட்டரையும் சர்ஃபேஸ் பிளேட்டில் சேர்த்து வைத்து ஆறவிட்டு அளங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனில் பொறுக்கி எடுத்த பீஸ்களை வைத்துக் கணக்குப் போடுவது சுத்த ஏமாற்று. ரிஜெக்ட்டை ஒதுக்கியபின் மிஞ்சுவது எப்படியும் அழகாகத்தான் தெரியும். கன்ட்ரோல் சார்ட்டில் (செட் செட்டாக அளவுகளைக் குறித்துக் கண்காணிக்கும் வரைபடம்) ஒரு புள்ளி எல்லை தாண்டியிருந்தாலும், காரணத்தைச் சரிசெய்துவிட்டுப் புதிதாக அளந்தபிறகே சிபிகே போடுங்கள்.